மணலுக்கு அடியில் கட்டிய சுவர்

தர்மன் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதமே ஒரு மோட்டாரைக் கருக்கிவிட்டார். தொண்ணூற்றேழாம் வருஷத்துக் கோடை அது. ஐயம்பேட்டைக்குத் தெற்கே, பாலாற்றின் நடுமணலில் கிணறு இறக்கி, அதிலிருந்து காஞ்சிபுரத்துக்குக் குடிதண்ணீர் ஏற்றுகிறார்கள். அந்தக் கிணற்றுக்கு அவர் பம்ப் ஆபரேட்டர். வயது முப்பத்தொன்று. காலையில் சுவிட்சைப் போடுவது, பொழுது சாய்ந்தால் அணைப்பது, இவ்வளவுதான் வேலை என்று நினைத்திருந்தார். கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனதை அவர் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு மத்தியானம் மோட்டார் காற்றை இழுத்து, சத்தம் மாறி, புகைந்து நின்றது. நான்கு நாள் பாதி ஊருக்குத் தண்ணீர் இல்லை.

மேலதிகாரி வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். அது தர்மனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மூன்றாம் நாள் ஏதோ வேலையாகக் காஞ்சிபுரம் போனவர், ஒரு தெருக்குழாயடியில் குடங்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தார். நூறு குடமாவது இருக்கும். பக்கத்தில் ஆள் ஒருவரும் இல்லை. காத்திருந்து அலுத்து, குடத்தை மட்டும் இடம் பிடிக்க விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆளில்லாத அந்தக் குடங்களைப் பார்த்தவர், வந்த வேலையைப் பார்க்காமலே ஊர் திரும்பினார்.

மோட்டார் சரியாகி வந்த அன்று ஒரு கயிற்றில் அடிக்கொரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல்லைக் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினார். கல் தண்ணீரைத் தொட்டதும் நிறுத்தி முடிச்சுகளை எண்ணினார். பதினெட்டு அடி. மகளுடைய பழைய பள்ளிக்கூட நோட்டில் தேதியைப் போட்டு எழுதி வைத்தார். யாரும் எழுதச் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒரு காலைகூட அவர் அதை விட்டதில்லை. பிறகு கயிறு போய் இரும்பு டேப் வந்தது. காய்ச்சல் வந்த நாளில்கூடப் போர்வையைச் சுற்றிக்கொண்டு போய் அளந்துவிட்டு வந்து படுப்பார். "பொண்ணு படிச்சப்போகூட இம்மாம் நோட்டு வாங்கலியே" என்பார் மனைவி கமலவேணி.

நோட்டில் அடிக்கணக்கு மட்டும் இருக்காது. மழை பெய்தால் எத்தனை நாள் பெய்தது, ஆறு வந்தால் எந்தக் கரையை ஒட்டி வந்தது, எப்போது வடிந்தது என்று நாலு வரி இருக்கும். நடுநடுவே அக்காவைப் பற்றியும் ஒரு வரி இருக்கும். 'இன்று ஜெயா ஊரில் ஊற்றுக்கால் வெட்டினார்கள்.' 'ஊற்றுக்காலில் தண்ணீர் முட்டி அளவு.' 'ஜெயா நாற்று நட்டாள்.'

அக்கா ஜெயம்மாள் கிணற்றிலிருந்து ஆற்றோடு இரண்டு கிலோமீட்டர் கீழே, திருமுக்கூடலுக்குப் போகிற வழியில் ஒரு சின்ன ஊரில் வாழ்க்கைப்பட்டவர். அம்மா செத்தபோது தர்மனுக்கு ஒன்பது வயது, அவருக்குப் பதினான்கு. பள்ளிக்கூடத்தை விட்டு, சமைத்துப் போட்டு, தம்பியைப் படிக்க வைத்தவர் அவர். கல்யாணமாகிப் போன பிறகும் வாரத்துக்கு ஒருமுறை ஆற்று மணலிலேயே நடந்து வந்து தம்பி சாப்பிட்டானா என்று பார்த்துவிட்டுப் போவார். கணவர் போன பிறகு ஒன்றரை ஏக்கரையும் ஒரே மகன் இளவரசனையும் தனியாகவே பார்த்துக்கொண்டார். அந்த ஊருக்கு மோட்டார் பாசனம் கிடையாது. ஆற்று மணலை வெட்டி ஊற்றைத் திறந்து, நீளமாகக் கால் எடுத்துக் கரைக்குக் கொண்டுவந்தால், மணலுக்குள் ஒளிந்திருக்கிற தண்ணீர் தானே நடந்து வயலுக்கு வரும். அதைத்தான் ஊற்றுக்கால் என்பார்கள். ஆறு மேலே காய்ந்து கிடந்தாலும் கீழே ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை அந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வருஷம் போகப் போக நோட்டுகளில் ஒரு மாறுதல் தெரிந்தது. முன்பெல்லாம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை வரை விட்டு விட்டுப் பெய்யும். ஆறு கொஞ்சமாக வரும், நின்று நின்று போகும். கிணற்றில் ஏறிய தண்ணீர் சித்திரை வரைக்கும் மெதுவாக இறங்கும். இப்போது ஐப்பசி முழுக்க வானம் வெளுத்துக் கிடக்கிறது. பிறகு மூன்றே நாளில் மொத்த மழையும் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. இரண்டாயிரத்து இருபத்தொன்று நவம்பரில் ஆறு இரண்டு கரையையும் அடைத்துக்கொண்டு போனது. கிணற்றுக்குப் போகும் நடைபாலம் முறிந்தது. அத்தனை தண்ணீரும் ஒரு வாரத்தில் கடலுக்குப் போய்விட்டது. அடுத்த மார்ச்சில் தர்மன் டேப்பை இறக்கினால் இருபத்தேழு அடி. வெயிலோ மாசி மாதமே சித்திரை மாதிரி அடித்தது. அவர் சேர்ந்த வருஷத்தில் பதினெட்டு அடியிலேயே பயந்த மனிதர், சித்திரையில் முப்பதைப் பார்த்தும் பதறாமல் எழுதிவிட்டு மோட்டாரை இன்னும் ஒரு குழாய் நீளம் கீழே இறக்கச் சொன்னார்.

அந்த வருஷம் ஆவணியில் அகிலா வந்தாள். நீர் ஆய்வுக் குழு ஒன்றில் என்ஜினியர். இருபத்தொன்பது வயது. காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டுப் பெண். பம்ப் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நாற்காலி இருந்தும் தரையில் உட்கார்ந்தாள்.

"எங்க வீட்டுல தண்ணி வர்ற அன்னிக்குத் தறி ஓடாதுண்ணா. ஆறு நாளைக்கு ஒரு வாட்டி வரும். அப்பா, அம்மா, நானு எல்லாரும் குடம் தூக்கினு போயிடுவோம்" என்றாள். "அந்தத் தண்ணி இங்கேர்ந்துதான் வருதுன்னு காலேஜ் போன பிறகுதான் தெரியும்."

அவள் கொண்டுவந்த திட்டம் இது. கிணற்றுக்குக் கொஞ்சம் கீழே, கரைக்குக் கரை, மணலைத் தோண்டி அடிக்களிமண் வரைக்கும் ஒரு சுவர் இறக்க வேண்டும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெள்ளம் வந்தால் மேலே தாண்டிப் போகும். ஆனால் மணலுக்குள் நழுவிக் கீழே ஓடுகிற தண்ணீர் சுவரில் முட்டி நிற்கும். மழை மூன்று நாளில் பெய்து முடிந்தாலும் பத்து மாதத்துக்கு ஊர் குடிக்கலாம்.

"ஆனா ரெண்டு வாட்டி திருப்பி அனுப்பிட்டாங்கண்ணா. மணலுக்குள்ள அவ்ளோ தண்ணி ஓடுதுன்றதுக்கு அத்தாட்சி கேக்கறாங்க. ஆபீஸ் ரெஜிஸ்டர்ல எல்லா மாசமும் இருபத்திரெண்டு அடின்னு போட்டிருக்குது. மழை பெஞ்சாலும் அதேதான், காஞ்சாலும் அதேதான். யாரோ ஒரே பேனாவுல உக்காந்து எழுதியிருக்காங்க."

தர்மன் எழுந்தார். பிறகு வீட்டுக்குப் போய் சைக்கிளில் இரண்டு அரிசி மூட்டைச் சாக்குகளை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். இருபத்தைந்து வருஷத்து நோட்டுகள்.

மூன்று நாள் அகிலா பம்ப் ரூமிலேயே இருந்து படித்தாள். சில பக்கங்களைப் படம் எடுத்தாள். ஓர் இடத்தில் நிறுத்தி, "ஜெயா யாருண்ணா?" என்று கேட்டாள்.

"எங்க அக்கா. கீழ ஊர்ல இருக்குது."

அவள் அந்த நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். அவர் கேட்கப்போவது அவளுக்குத் தெரிந்துவிட்டது போலிருந்தது.

"சுவரு வந்துட்டா கீழ இருக்கறவங்களுக்கு இன்னாம்மா ஆவும்?"

"குறையும்ணா. பொய் சொல்ல மாட்டேன். அதுக்குத்தான் சுவர்ல ஒரு குழாய் வெச்சு, கரையில வால்வு போடச் சொல்லியிருக்கேன். கீழ ஊருக்குன்னு தனியா ஒரு பங்கு. அது பேப்பர்லயே இருக்குது."

அந்த வார்த்தையை தர்மன் பிடித்துக்கொண்டார். பேப்பரில் இருக்கிறது. நோட்டுகளைக் கொடுத்தார். நான்கு மாதத்தில் திட்டத்துக்கு அனுமதி வந்தது.

வேலை தொடங்க ஊர்ச் சம்மதம் வேண்டும் என்று, கீழ ஊரில் மாரியம்மன் கோயில் முன்னால் கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டார்கள். ஊர்க்காரர்கள் கோபமாக இருந்தார்கள். காஞ்சிபுரம் குடிக்க நாங்கள் காய வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். அதிகாரிகள் வரைபடத்தை விரித்து எதையோ விளக்கினார்கள், யாரும் கேட்கவில்லை. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஜெயம்மாள் எழுந்தார்.

"எனக்கு அந்தப் படம்லாம் புரியாதுப்பா. எங்க தம்பி அந்தக் கெணத்தாண்டதான் இருக்குது. அதுக்கு ஆத்தைப் பத்தித் தெரியாதது இல்ல." தர்மன் பக்கம் திரும்பினார். "தர்மா, நீ சொல்லு. கால்ல தண்ணி வருமா, வராதா?"

கூட்டம் முழுவதும் அவரைப் பார்த்தது. அவருக்குக் குழாய் நினைவு வந்தது, வால்வு நினைவு வந்தது. "வரும்க்கா" என்றார்.

ஜெயம்மாள் போய் சம்மதப் பேப்பரில் முதல் கையெழுத்தைப் போட்டார். அவர் போட்டதைப் பார்த்து மற்றவர்கள் போட்டார்கள்.

சுவரை ஒன்றரை வருஷத்தில் கட்டி முடித்தார்கள். அந்த வருஷமும் மழை நான்கு நாளில் கொட்டி ஓய்ந்தது. ஆனால் இந்த முறை கிணற்றுத் தண்ணீர் இறங்கவில்லை. தையில் ஒன்பது அடி. மாசியில் பத்து. பங்குனியில் பன்னிரண்டு. தர்மன் டேப்பைச் சுருட்டிவிட்டு மறுபடியும் இறக்கிப் பார்த்தார், சரிதானா என்று. காஞ்சிபுரத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் குழாயில் தண்ணீர் வந்தது. டீக்கடைகளில்கூட அதைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். அலுவலகத்தில் தர்மனுக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள்.

சால்வை போர்த்திய அதே வாரம் ஓர் உத்தரவும் வந்தது. குடிநீருக்கே முன்னுரிமை என்பதால், மார்ச் முதல் ஜூலை வரை கீழ ஊர் வால்வை எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் திறக்கக் கூடாது. பேப்பரில் இருந்த பங்கு பேப்பரிலேயே இருந்தது. வால்வுத் தொட்டியின் சாவி தர்மனிடம் கொடுக்கப்பட்டது.

தை மாதமே கீழ ஊர்க்காரர்கள் வழக்கம்போல் கால் வெட்டியிருந்தார்கள். கணுக்கால் அளவு தண்ணீர் வந்தது. பங்குனியில் அதுவும் நின்றது. தர்மன் மூன்று மனு எழுதினார். ஒன்றுக்கு மட்டும் பதில் வந்தது. வைகாசி கருட சேவைக்கு லட்சக்கணக்கில் ஜனம் வரும், அது முடியும்வரை ஒரு சொட்டும் விட முடியாது என்றார்கள்.

கத்திரி வெயில் நாளில் ஜெயம்மாள் ஆற்றுமணலில் நடந்து வந்தார். முந்தானையைத் தலைக்குப் போட்டிருந்தார். அறுபத்து நான்கு வயதில் இரண்டு கிலோமீட்டர், கொதிக்கிற மணலில். தர்மன் ஓடிப்போய் நிழலுக்கு அழைத்து வந்தார்.

"அந்தக் கொழாய் எங்க இருக்குது?" என்று அக்கா கேட்டார்.

தர்மன் தொட்டியின் மூடியைத் தூக்கிக் காட்டினார். ஜெயம்மாள் குனிந்து பார்த்தார். சிவப்பு பெயின்ட் அடித்த சக்கரம் உள்ளே இருந்தது.

"இதைத் திருப்புனா வந்துடுமா?"

"ஆர்டர் வேணும்க்கா."

"கேட்டியா?"

"கேட்டுக்கினுதான் இருக்கேன். கருட சேவை முடியட்டும்ன்றாங்க."

"அதுவும் சரிதான். அம்மாம் ஜனம் வரும். தண்ணி இல்லாம எப்படி?" என்றார் ஜெயம்மாள். பம்ப் ரூமில் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். கோடைப் பட்டமான சொர்ணவாரிக்கு அரை ஏக்கருக்கு நாற்று விட்டிருப்பதாகவும் அது தண்ணீரில்லாமல் மஞ்சளாகத் தொடங்கிவிட்டதாகவும் போகிற போக்கில் சொன்னார். கூட்டத்தில் தம்பி சொன்னதை அவர் எடுக்கவே இல்லை. ஏதாவது திட்டியிருந்தால் தர்மனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கருட சேவை முடிந்தது. பெருமாள் ஊர் சுற்றி வந்து கோயிலுக்குள் போனார். வந்த ஜனம் திரும்பிப் போனது. அனுமதி வரவில்லை. தர்மன் நான்காவது மனுவை எடுத்துக்கொண்டு நேரில் போனார். இந்த வருஷம் வெயில் அதிகம், இருப்பதை வைத்து ஆடி வரை தள்ள வேண்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் அதிகாரி. அவரும் கெட்டவர் இல்லை. தன் மேஜையில் இருந்த வரைபடத்தைத் தர்மன் பக்கம் திருப்பி, எந்தெந்தத் தெருவை நிறுத்தட்டும், நீங்களே சொல்லுங்கள் என்றார். தர்மனால் எந்தத் தெருவிலும் விரலை வைக்க முடியவில்லை.

அன்று சாயந்திரம் அக்கா மகன் இளவரசனுக்குப் போன் செய்தார். அவன் ஒரகடத்தில் கார் உதிரிப்பாகக் கம்பெனியில் ஷிப்ட் வேலையில் இருக்கிறான். "அம்மாகிட்ட சொல்லுப்பா. நாளையிலேர்ந்து தண்ணி விடறேன். கால்ல வந்து சேர்றதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் ஆவும்."

"ஆர்டர் வந்துடுச்சா மாமா?"

"வந்துடுச்சு" என்றார் தர்மன். வாழ்க்கையில் அவர் அறிந்து சொன்ன பொய் அது ஒன்றுதான்.

காலை ஆறு மணிக்குச் சக்கரத்தைத் திருப்பினார். சுவரின் மறுபக்கம் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. நல்ல கனமாகத்தான் கொட்டியது. பத்து மணிக்கு மூடிவிட்டு, மணல் எவ்வளவு தூரம் நனைந்திருக்கிறது என்று நடந்து பார்த்தார். இருநூறு அடி. மறுநாள் மறுபடியும் நான்கு மணி நேரம். ஈரம் ஐந்நூறு அடியில் இருந்தது. மூன்றாம் நாள் ஐந்து மணி நேரம் விட்டார். எண்ணூறு அடி. அதற்கப்பால் மணல் வெள்ளையாக, உப்பு மாதிரி காய்ந்து கிடந்தது. குந்திக் கையால் தோண்டினார். முழங்கை வரை போயும் ஈரம் இல்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சுவருக்குக் கீழே மாதக்கணக்கில் எதுவும் வராமல் மணல் முப்பது அடிக்கு வறண்டுவிட்டது. விடுகிற தண்ணீரை அந்த மணலே குடித்துவிடும். இரண்டு கிலோமீட்டரைத் தாண்ட வேண்டும் என்றால் ஒரு மாதம் முழுக்கத் திறந்து வைத்தாலும் போதாது. இருபத்தெட்டு வருஷம் அளந்தவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று அப்படியே மணலில் கீழே நடந்தார். போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு மணி இருக்கும். ஊற்றுக்கால் தொடங்குகிற இடத்தில் ஒரு மண்வெட்டி கிடந்தது. அதன் பக்கத்தில் மார்பளவுக்குப் புதிதாக வெட்டிய குழி, ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டில், ஒற்றைச் செருப்பு. ஆள் இல்லை. கரைமேல் இருந்தவர்கள் அவரைப் பார்த்துக் கையை ஆட்டிக் கூப்பிட்டார்கள்.

ஜெயம்மாள் மூன்று நாளாகக் காலையிலேயே வந்து அங்கே உட்கார்ந்திருக்கிறார். தம்பி தண்ணீர் விடுகிறான், வந்துகொண்டிருக்கும், குழியை ஆழமாக்கி வைத்தால் சீக்கிரம் ஊறும் என்று வெட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். அன்று பத்தரைக்குக் குழிக்குள்ளேயே விழுந்துவிட்டார். பக்கத்து வயலில் இருந்தவர்கள் தூக்கி, ஷேர் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். உடம்பு அடுப்பு மாதிரி கொதித்தது என்று ஒரு பெண் சொன்னாள்.

உயிர் தங்கியது. இரண்டு நாள் கழித்துக் கண் விழித்தார். வெயில் சிறுநீரகத்தைத் தாக்கியிருக்கிறது, இனிமேல் வயல் வேலை கூடாது, வெயிலில் நடக்கவே கூடாது என்றார்கள். இளவரசன் கட்டில் கால்மாட்டில் நின்றிருந்தான். மாமாவைப் பார்த்தும் பார்க்காதவன் போல் மருந்துச் சீட்டையே படித்துக்கொண்டிருந்தான்.

ஜெயம்மாளுக்குப் பேச்சு குழறியது. "தர்மா, தண்ணி வந்துச்சா?" என்று கேட்டார்.

"வரலக்கா."

அவர் தலையை மட்டும் அசைத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

அலுவலகத்துக்கு விஷயம் தெரிவதற்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கிணற்றில் புதிதாக வைத்திருந்த கருவி மணிக்கொருமுறை மட்டத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த மூன்று நாள் காலையிலும் மட்டம் இறங்கியது திரையில் படி வெட்டினது போல் தெரிந்தது. விசாரணையில் தர்மன் எதையும் மறைக்கவில்லை. கண்டித்துக் குறிப்பாணை கொடுத்தார்கள். ஓய்வுக்கு ஏழு மாதமே இருந்ததால் அதோடு விட்டு, காஞ்சிபுரத்தின் கிழக்குக் கோடியில் ஒரு மேல்நிலைத் தொட்டிக்கு மாற்றினார்கள். அங்கே வால்வு திறந்து மூடுகிற வேலை.

மாறிப் போன முதல் வாரம், கடைசித் தெருவில் ஒரு பெண் காலிக் குடத்தோடு அவரை நிறுத்தினார். இந்திராணி என்று பேர். வீட்டுக்குள் தறி ஓடுகிற சத்தம் கேட்டது.

"நீங்க தண்ணி ஆபீஸாண்ணா? இந்த வருஷந்தான் ஒழுங்கா வந்துக்கினு இருந்துச்சு. போன மாசம் மூணு நாளு எங்க தெருவுக்கு மட்டும் வரவே இல்ல. பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்குது. லாரி தண்ணிக்கு அலைஞ்சேன். இன்னா ஆச்சு?"

தர்மன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். "தப்பு நடந்துடுச்சும்மா. இனிமே ஆவாது" என்றார். அவரை நல்ல மனிதர் என்று நினைத்து அந்தப் பெண் மோர் கொண்டுவந்து கொடுத்தார். தர்மனுக்கு அதைக் குடிக்கவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை.

அகிலா ஆடி மாதம் அவரைத் தேடி வீட்டுக்கு வந்தாள். விஷயம் அவளுக்குத் தாமதமாகத்தான் தெரிந்திருந்தது. நோட்டைக் கேட்டு வாங்கி அந்த மூன்று நாள் பக்கத்தைப் பிரித்தாள். எத்தனை மணிக்குத் திறந்தார், எத்தனை மணிக்கு மூடினார், ஈரம் எதுவரை போனது, எவ்வளவு ஆழம் தோண்டியும் ஈரம் இல்லை, எல்லாம் இருந்தது. கடைசி வரி: 'அக்கா விழுந்துவிட்டாள்.'

"இதை ஏண்ணா எழுதுனீங்க? உங்களுக்கு எதிராவே சாட்சி ஆகுமே."

"நடந்துச்சேம்மா."

அவள் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டாள். "தப்பு என்னுதுண்ணா" என்றாள். "குழாய் வெச்சா போதும்னு நெனைச்சேன். எப்ப திறக்கணும்னு நான் எழுதல. மணல் ஈரமா இருக்கறப்பவே, மழை விட்ட உடனே, கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கினே இருந்திருக்கணும். அப்ப இந்த அளவு தண்ணியே போதும். ஊருக்கும் ஒண்ணும் குறைஞ்சிருக்காது."

அவள் அழுதாளா என்று தர்மன் பார்க்கவில்லை. கமலவேணி உள்ளேயிருந்து வந்து அவள் தோளில் கை வைத்ததை மட்டும் பார்த்தார்.

அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு அகிலா ஐந்து மாதம் அலைந்தாள். மார்கழி முடிவில் புதிய உத்தரவு வந்தது. வெள்ளம் வடிந்த மறுநாளிலிருந்து பங்குனி கடைசி வரை கீழ ஊர் வால்வு தினமும் இரண்டு மணி நேரம் திறந்திருக்க வேண்டும், யாருடைய அனுமதியும் வேண்டாம். அதே வாரத்தில்தான் தர்மன் ஓய்வு பெற்றார். அந்த வால்வைத் திறக்கிற வேலை வேறொருவரிடம் இருந்தது.

அதற்குள் ஜெயம்மாளின் வயல் கைமாறிவிட்டது. இளவரசன் அதை முசரவாக்கத்துக்காரர் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அம்மாவைக் காஞ்சிபுரத்தில் ஒரு வாடகை வீட்டுக்கு அழைத்துப் போனான். மாடுகளை விற்றபோது ஜெயம்மாள் வெளியே வரவில்லை என்று ஊரில் சொன்னார்கள்.

தை மாதம் கீழ ஊரில் கால் வெட்டினார்கள். வீட்டுக்கு இத்தனை முழம் வெட்டித் தர வேண்டும் என்று பங்கு உண்டு. ஜெயம்மாள் வயலின் பங்குக்குக் குத்தகைக்காரர் ஆள் அனுப்பவில்லை. தர்மன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பங்கை வெட்டினார். பழக்கமில்லாத கை. நான்கு நாள் ஆயிற்று. ஊர்க்காரர்கள் அவரிடம் அதிகம் பேசவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் காலில் தண்ணீர் வந்தது. முட்டிவரை வந்தது. முன்காலத்து அளவு இல்லை, ஆனால் நின்றுவிடாமல் வந்தது. எல்லோரும் இறங்கி முகம் கழுவினார்கள். தர்மன் கரைமேலேயே நின்றார்.

அன்றைக்கே அக்காவைப் பார்க்கப் போனார். நெசவுத் தெருவில் ஒரு வீட்டின் பின்கட்டு. மூன்று பக்கமும் தறிச் சத்தம். ஜெயம்மாள் இளைத்துப்போயிருந்தார். முற்றத்துக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. குடத்தை அதன் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் காத்தால வருதுப்பா. ஒரு வாட்டியும் தப்பல" என்றார்.

தர்மன் படியில் உட்கார்ந்தார். "அக்கா, கால்ல தண்ணி வந்துடுச்சு."

"எம்மாம்?"

"முட்டி அளவு."

"நம்ம பங்கை யாரு வெட்டுனது?"

"நான்தான்."

ஜெயம்மாள் அவருடைய கைகளைப் பார்த்தார். கொப்புளம் உடைந்து காய்ந்திருந்தது. குடம் நிரம்பி வழிந்தது. தர்மன் எழுந்து போய் அதைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, குழாயை மூடினார்.

"வெயில் ஏறுறதுக்கு முன்னாடி ஆட்டோல கூட்டினு போறேன். ஒரு வாட்டி பாத்துட்டு வந்துடலாம்" என்றார்.

"வேணாம்ப்பா."

"தூரம் ஒண்ணும் இல்லக்கா."

"தெரியும். பாத்தா அங்கியே ஒக்காந்துக்குவேன். திரும்பி வர மாட்டேன். அப்புறம் புள்ள எனக்காக வேலையை விட்டுட்டு வந்து நிப்பான்." முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். "எவன் வெச்சா இன்னா, பயிரு நட்டாங்களா?"

"நாளைக்கு நடறாங்க."

"சரி" என்றார் ஜெயம்மாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். "சாப்பிட்டியா? ரசம் இருக்குது. ஒக்காரு, போடறேன்."

தர்மன் உட்கார்ந்தார். அக்கா தட்டை எடுக்க உள்ளே போனார். அடுத்த வீட்டில் தறி நின்று, யாரோ குடத்தோடு வெளியே வருகிற சத்தம் கேட்டது.